பதினெட்டு ஷாட்டும் ஒரு கோலும்

2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோன்டே நகரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியின் புள்ளிவிவர அட்டவணையில் கோல் கணக்கை மட்டும் மறைத்துவிட்டு, கால்பந்து தெரிந்த ஒருவரிடம் காட்டினால், பிரேசில் சிறிய வித்தியாசத்தில் வென்றிருக்கும் என்றுதான் சொல்வார். பந்து பிரேசிலிடம் சற்றுக் கூடுதல் நேரம் இருந்தது. பிரேசில் 18 ஷாட் அடித்தது, ஜெர்மனி 14. கார்னர் பிரேசிலுக்கு 7, ஜெர்மனிக்கு 5. ஆட்ட முடிவு ஜெர்மனி 7, பிரேசில் 1.

இந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்காட்டி, கால்பந்தில் எண்களுக்கு வேலையே இல்லை என்று வாதத்தை முடித்துவிடுகிறவர்கள் பலர். அந்த அவசரம் எனக்கு ஏற்புடையதல்ல. அட்டவணை பொய் சொல்லவில்லை. இரண்டு வேறு ஆட்டங்களை ஒன்றாகக் கூட்டிக் காட்டியதுதான் அதன் குற்றம். 11ஆம் நிமிடத்தில் முல்லர் அடித்தார். 23இலிருந்து 29 வரையான நிமிடங்களில் க்ளோசே ஒன்று, க்ரோஸ் இரண்டு, கெதிரா ஒன்று. அரை மணி நேரம் ஆவதற்குள் 5-0. அரையிறுதி அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததில் ஜெர்மனிக்கு அவசரம் இல்லை, பிரேசிலுக்கு மானம் மட்டுமே மிச்சம். இடைவேளைக்குப் பின் ஓஸ்காரும் பாவ்லினியோவும் அடித்த ஷாட்களை ஜெர்மன் கோல்கீப்பர் நோயர் பாய்ந்து தடுத்ததெல்லாம் அந்த இரண்டாவது ஆட்டத்தில். ஐந்து கோல் முன்னிலையில் இருக்கும் அணி விட்டுக்கொடுக்கும் ஷாட்டையும், 0-0 என்றிருக்கும்போது பிடுங்கி எடுக்கும் ஷாட்டையும் ஒரே எடையில் வைத்துக் கூட்டினால் 18 வரும். அந்த 18க்கு அர்த்தம் வராது.

எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். ஜெர்மனியின் முன்னாள் ஆட்டக்காரர்கள் ஸ்டெஃபான் ரைனார்ட்ஸும் யென்ஸ் ஹெகலரும் சேர்ந்து 'பேக்கிங்' என்றொரு கணக்கை உருவாக்கினார்கள். ஒரு பாஸோ ஓட்டமோ எதிரணியின் எத்தனை பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தது என்று எண்ணும் முறை அது. 2016 யூரோ கோப்பையின்போது ஜெர்மன் தொலைக்காட்சியில் பரவலாகப் பேசப்பட்டது. அதே பெலோ ஹொரிசோன்டே ஆட்டத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் ஜெர்மனிதான் முன்னால் நிற்கிறது, குறிப்பாக டிஃபெண்டர்களைத் தாண்டியதில். ஆட்டம் ஒன்றுதான். கேள்வியை மாற்றியதும் எண் வேறு பக்கம் சாய்கிறது.

ஓர் ஆட்டத்தை மதிப்பிடுகிறோம் என்று சொல்லும்போது மூன்று கேள்விகளை நாம் அறியாமலே கலந்துவிடுகிறோம். யார் வென்றார்கள்? அன்றைக்கு யார் நன்றாக ஆடினார்கள்? இரண்டில் எது நல்ல அணி? முதல் கேள்விக்கு ஸ்கோர்போர்டு போதும். மூன்றாவது கேள்விக்கு, போதிய ஆட்டங்கள் கையில் இருந்தால், எண்களைவிட நம்பத்தக்க சாட்சி கிடையாது என்பது என் உறுதியான கருத்து. சிக்கல் முழுவதும் நடுக்கேள்வியில் இருக்கிறது. தொலைக்காட்சி அரங்கிலும் டீக்கடை பெஞ்சிலும் ஆட்டம் முடிந்த கையோடு தொடங்கும் சண்டை எல்லாம் அதைப் பற்றியதுதான்.

எண்களே வேண்டாம், முடிவைப் பார்த்தால் போதும் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கோல் கணக்கும் ஒரு புள்ளிவிவரம்தான். அதுவும் இருப்பதிலேயே மிகச் சிறியது. 2022 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள், ஆட்டத்துக்கு 2.7கூட இல்லை. ஒருநாள் கிரிக்கெட்டில் ஓர் அணி 300 பந்துகளைச் சந்திக்கிறது. ஒரு கேட்சை விட்டாலும், நடுவர் ஒரு முறை தவறினாலும் மீதிப் பந்துகள் அதை ஈடுகட்ட வாய்ப்புண்டு. கால்பந்தில் அந்த இடமே கிடையாது. கம்பத்தின் உள்பக்கம் பட்ட பந்து ஒரு கோப்பை, வெளிப்பக்கம் பட்ட பந்து ஒரு பெருமூச்சு. பென்-நாயிம், ரெட்னர், வாஸ்குவெஸ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் இங்கிலாந்துக் கால்பந்தையும் அமெரிக்காவின் நான்கு பெரிய விளையாட்டுகளையும் எடுத்து, பல பத்தாண்டு முடிவுகளை ஒப்பிட்டார்கள். பட்டியலில் கீழே இருக்கும் அணி மேலே இருப்பதை வீழ்த்துவது கால்பந்தில்தான் மிக அதிகம் என்று கண்டார்கள், நூற்றுக்கு 45 முறை. ஆகவே, வென்றவன்தான் நன்றாக ஆடியவன் என்று சொல்பவர் எண்களைத் துறந்தவர் அல்லர். இருப்பதிலேயே தள்ளாடும் எண்ணைக் கையில் பிடித்திருப்பவர்.

மறுபக்கத்தின் பாவமும் சிறியதல்ல. அதை அறிய சார்ல்ஸ் ரீப்பிடம் போக வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் கணக்குப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுனும் பிரிஸ்டல் ரோவர்ஸும் ஆடிய ஆட்டத்தின் இடைவேளையில், ஸ்விண்டனின் தாக்குதல்கள் ஒன்றுக்கும் உதவாமல் போவதைப் பார்த்து வெறுத்துப்போய், பென்சிலும் நோட்டும் எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பாஸும் ஒவ்வொரு நகர்வும் அவருடைய சுருக்கெழுத்துக் குறிகளாகத் தாளில் ஏறின. அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். இன்று நாம் தரவு என்று பேசுவதற்கெல்லாம் மூத்தவர் அவர்தான். 1968இல் பெர்னார்ட் பெஞ்சமினுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை பிரிட்டனின் அரச புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது.

ரீப் கண்டது இது. ஏறத்தாழ 80 சதவீதக் கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் வந்தவை. இதிலிருந்து அவர் எடுத்த முடிவு: பாஸ்களைக் கோத்துக்கொண்டிருப்பது வீண், பந்தைச் சீக்கிரமாக, நீளமாக முன்னால் அனுப்பு. கேட்டவுடன் மறுக்க முடியாதது போலத் தோன்றும். ஆனால் அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருந்தது. அவர் பார்த்த நகர்வுகளில் 91.5 சதவீதம் மூன்று பாஸ்களுக்குள் முடிந்துபோனவை. பாஸ் எண்ணிக்கைக்கும் கோலுக்கும் தொடர்பே இல்லை என்றால், கோல்களிலும் 91.5 சதவீதம் அந்தக் குறுகிய நகர்வுகளிலிருந்து வந்திருக்க வேண்டும். வந்தது 80தான். மீதி 8.5 சதவீத நீண்ட நகர்வுகள் ஏறத்தாழ 20 சதவீதக் கோல்களைத் தந்திருக்கின்றன. ரீப்பின் சொந்தத் தரவே அவருடைய முடிவுக்கு நேர் எதிராகப் பேசியது. எத்தனை கோல் என்று எண்ணியவர், எத்தனை முயற்சிக்கு எத்தனை கோல் என்று வகுத்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடக் கணக்கில் வரும் வகுத்தல் அது.

இது புத்தகத்துக்குள் நின்றுவிட்ட பிழையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் துறை இயக்குநராக இருந்த சார்ல்ஸ் ஹியூஸ், தாமே தனியாக ஆட்டங்களை ஆராய்ந்து ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்து, அதையே ஒரு தேசத்தின் பாடத்திட்டமாக்கினார். ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பந்தைத் தூக்கி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜொனாதன் வில்சன் 2008இல் வெளியான தம் கால்பந்து உத்தி வரலாற்றில் ரீப்பின் பிழையை விரிவாக அலசினார். அதற்கு மூன்றாண்டு முன்பே மைக் ஹியூஸும் இயன் ஃபிராங்க்ஸும் அந்த வகுத்தலைச் செய்து ஆய்வுக்கட்டுரையாகத் தந்துவிட்டார்கள். பிழை நடந்ததற்கும் திருத்தம் வந்ததற்கும் நடுவில் முப்பத்தேழு ஆண்டுகள். எண்ணோடு வந்த முடிவு என்பதாலேயே யாரும் கேள்வி கேட்கவில்லை. எண்களின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். கண்ணால் பார்த்ததைச் சொல்பவரோடு நாம் வாதாடுவோம், அட்டவணையோடு வருபவரிடம் வாய்மூடி நிற்போம்.

ரீப்பின் தவறைத் தலைகீழாகச் செய்தவர்களும் உண்டு. குறைந்த பாஸ் நல்லது என்று அவர் சொன்னார் என்றால், நிறைய பாஸ் நல்லது என்று பிற்காலம் நம்பியது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் ஆடியது. 120 நிமிடத்தில் அதற்குக் கிடைத்த ஒரே கோலும் ரஷ்ய டிஃபெண்டர் இக்னாஷெவிச்சின் காலில் பட்டு உள்ளே போனது. பெனால்டியில் தோற்று வெளியேறியது. 2022இல் மொராக்கோவிடம் மீண்டும் ஆயிரம் பாஸ், கோல் இல்லை, மீண்டும் பெனால்டியில் தோல்வி. அதே தொடரில் ஜப்பான் பந்தை 18 சதவீதத்துக்கும் குறைவான நேரமே வைத்திருந்து ஸ்பெயினை 2-1 என்று வென்றது. 2015-16இல் பிரீமியர் லீக் பட்டத்தை வென்ற லெஸ்டர் சிட்டியும் பந்தை அதிகம் வைத்திருக்கும் அணியாக இருந்ததே இல்லை. பந்து யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்ற எண், ஓர் அணி எப்படி ஆட விரும்புகிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு நன்றாக ஆடியது என்பதைச் சொல்லாது. இன்றும் திரையின் ஓரத்தில் முதலில் தோன்றுவது அந்த எண்தான் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த வெற்று எண்ணிக்கைகளுக்கு மாற்றாக வந்ததுதான் எக்ஸ்-ஜி. ஒப்டா நிறுவனத்தின் சாம் கிரீன் 2012இல் இதை விரிவாக முன்வைத்தார். 2017இல் பிபிசியின் புகழ்பெற்ற சனிக்கிழமைக் கால்பந்து நிகழ்ச்சியில் ஏறியதும் எல்லார் வாயிலும் நுழைந்துவிட்டது. கருத்து எளிமையானது. ஒரு ஷாட் எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா, எப்படி வந்த பந்தில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, முன்பு அதே மாதிரி அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்களில் எத்தனை கோலானது என்ற விகிதத்தை அதற்கு மதிப்பாகக் கொடுப்பது. பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை. முப்பது மீட்டரிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு நூறில் இரண்டு மூன்று பங்குதான். புதிய மாதிரிகள் கோல்கீப்பரும் டிஃபெண்டர்களும் நின்ற இடத்தையும் கணக்கில் சேர்க்கின்றன. ரீப் செய்யத் தவறிய வகுத்தலை எக்ஸ்-ஜி செய்கிறது. அதனாலேயே, எண்களைக் கொண்டு ஆட்டத்தைப் பேச முனைந்த முயற்சிகளில் இது மிக நேர்மையானது என்று மதிக்கிறேன்.

ஆனால் அதை ஆட்ட முடிவோடு பக்கத்தில் வைத்து 2.0-1.0 என்று இன்னொரு ஸ்கோர் போலக் காட்டும் வழக்கம் தவறு. காரணங்கள் கணக்கிலேயே இருக்கின்றன. 0.1 மதிப்புள்ள பத்து வாய்ப்புகளைக் கூட்டினாலும் 1.0, காலியான வலைக்கு முன்னால் கிடைத்த ஒரே வாய்ப்பும் ஏறத்தாழ 1.0. முதலாவதில் ஒரு கோல்கூட விழாமல் போக 35 சதவீத வாய்ப்பு உண்டு, இரண்டாவதில் கிட்டத்தட்ட இல்லை. ஒரே தாக்குதலில் 0.5 மதிப்புள்ள ஷாட்டைக் கோல்கீப்பர் தட்டிவிட, திரும்பி வந்த பந்தில் 0.6 மதிப்புள்ள இன்னொரு ஷாட் என்று வைத்துக்கொள்வோம். வெறுமே கூட்டினால் 1.1 வருகிறது. ஆனால் அந்தத் தாக்குதலில் ஒரு கோலுக்கு மேல் விழ வழியே இல்லை. சரியான விடை 0.8. எல்லாவற்றுக்கும் மேலாக, 2.0 எடுத்த அணி 1.0 எடுத்த அணியை வென்றே தீரும் என்று எக்ஸ்-ஜியே சொல்வதில்லை. எளிய நிகழ்தகவுக் கணக்கில் பார்த்தால் அது நூற்றில் 61 முறை வெல்லும், 21 முறை சமன் செய்யும், 18 முறை தோற்கும். அந்த 18ஐ அநியாயம் என்று கூவுபவர்கள் தாங்கள் நம்பும் கருவியையே சரியாகப் படிக்கவில்லை.

ஒரு நாளில் தடுமாறும் இதே கருவி, ஒரு பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் எவ்வளவு வலுவாக நிற்கிறது என்பதற்கு யூர்கன் க்ளாப் நல்ல சான்று. 2011, 2012 ஆண்டுகளில் ஜெர்மன் பட்டம், 2013இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி என்றிருந்த அவருடைய டோர்ட்மண்ட் 2014-15 பருவத்தின் நடுவில் அட்டவணையின் அடிக்குப் போய்விட்டது. கடைசியில் ஏழாம் இடம். க்ளாப்பின் காலம் முடிந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. கேம்பிரிட்ஜில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, அப்போது லிவர்பூல் கிளப்பின் ஆய்வுப் பிரிவை நடத்திவந்த இயன் கிரஹாம் வேறு கணக்குப் போட்டார். உருவாக்கிய வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளையும் வைத்துப் பார்த்தால் அந்தப் பருவத்தில் ஜெர்மனியின் இரண்டாவது சிறந்த அணி டோர்ட்மண்ட்தான், அதற்கு நேர்ந்தது அசாதாரணமான துரதிர்ஷ்டம் என்பது அவர் கண்டது. பிறகு க்ளாப்பைச் சந்தித்தபோது, மைன்ஸ் அணியிடம் டோர்ட்மண்ட் 2-0 என்று தோற்ற ஆட்டத்தின் தரவை எடுத்துக் காட்டி, நீங்கள் தோற்றிருக்கக் கூடாத ஆட்டம் இது என்றார். அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் இல்லை. க்ளாப் அன்று களத்தோரம் நின்று உணர்ந்ததைத் தாளில் படித்துச் சொன்னார், அவ்வளவுதான். 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்த க்ளாப் 2019இல் ஐரோப்பியக் கோப்பையையும், 2020இல் 99 புள்ளிகளோடு லீக் பட்டத்தையும் எடுத்தார்.

பிரைட்டனும் இதே வகை. 2020-21 பருவத்தில் 41 புள்ளிகளோடு 16ஆம் இடத்தில் முடித்த அணி. வாய்ப்புகளின் கணக்கில் மட்டும் அட்டவணையின் மேல்பாதியில் இருந்தது. முடிவை மட்டும் பார்க்கும் ஒரு நிர்வாகம் அப்போதே பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரை அனுப்பியிருக்கும். அனுப்பவில்லை. அடுத்த பருவம் 9ஆம் இடம், அதற்கடுத்தது, பயிற்சியாளர் மாறிய பின்னும், 6ஆம் இடம். நல்ல ஸ்ட்ரைக்கர் இல்லாததுதான் காரணம், துரதிர்ஷ்டம் அல்ல என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் பிணி எங்கே என்று சுட்டியதும் அதே எண்தான்: வாய்ப்பு உருவாகிறது, முடிப்பதில் குறை.

கண்ணை மட்டும் நம்புகிறவர்களிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்கள் கண் எதை வைத்துக்கொள்கிறது? கனடாவில் இயன் ஃபிராங்க்ஸும் கேரி மில்லரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர்களிடம் முக்கிய நிகழ்வுகளை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சரியாகச் சொன்னது பாதிக்கும் குறைவு. கோலும் சண்டையும் நடுவரின் தவறும் நினைவில் தங்கிவிடுகின்றன. 34ஆம் நிமிடத்தில் இடது பக்கம் மூன்று முறை திறந்து கிடந்தது மறந்துபோகிறது. முடிவு தெரிந்த பிறகு நினைவே முடிவுக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்கிறது. 1-0 என்று வென்றால் பொறுமையாக ஆடினார்கள் என்போம். அதே ஆட்டம் 0-1 என்று முடிந்திருந்தால் மந்தமாக ஆடினார்கள் என்போம். எண்களின் முதல் பயன் இங்கேதான். ஸ்கோரைப் பார்த்துவிட்டுக் கதை கட்டும் நம் பழக்கத்துக்கு அவை குறுக்கே நிற்கின்றன.

இருந்தும், எண்ணுக்கு எட்டாத இடங்கள் ஆட்டத்தின் நடுவிலேயே இருக்கின்றன. 2022 நவம்பர் 22 அன்று லுசைல் மைதானத்தில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்ற ஆட்டம் எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. 36 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அணி அர்ஜென்டினா. 10ஆம் நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்டி. இடைவேளைக்குப் பின் ஐந்து நிமிட இடைவெளியில் அல்-ஷெஹ்ரியும் அல்-தௌசரியும் அடித்தார்கள். எக்ஸ்-ஜி கணக்கில் அர்ஜென்டினா 2ஐத் தாண்டியது, சவுதி 0.2ஐக்கூடத் தொடவில்லை. அந்தக் கணக்கில் இது திருட்டு வெற்றி. ஆனால் முதல் பாதியை மீண்டும் பாருங்கள். பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் தம் டிஃபென்ஸை மைதானத்தின் நடுக்கோட்டை ஒட்டி ஏற்றி நிறுத்தியிருந்தார். அர்ஜென்டினா வலைக்குள் தள்ளிய மூன்று பந்துகள், லாவ்தாரோ மார்டினஸ் இரண்டு, மெஸ்ஸி ஒன்று, ஆஃப்சைடாகக் கழிந்தன. ஆஃப்சைடாகக் கொடி தூக்கிய ஷாட் எக்ஸ்-ஜி கணக்கில் சேர்வதில்லை. சவுதி அணி அன்று செய்த மிகப் பெரிய வேலை அந்தக் கணக்கில் பதிவாகவில்லை.

இது திட்டமா, சூதாட்டமா? இரண்டும் கலந்தது என்பேன். தானியங்கி ஆஃப்சைடு கருவி சில அங்குலங்களில் தீர்ப்புச் சொன்ன கோல் அதில் உண்டு. நாள் வேறாக இருந்திருந்தால் முதல் பாதியிலேயே மூன்று நான்கு விழுந்திருக்கலாம். சவுதி அடுத்த இரண்டு ஆட்டங்களில் போலந்திடமும் மெக்ஸிகோவிடமும் தோற்று வெளியேறியது, அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றது. எது நல்ல அணி என்ற மூன்றாம் கேள்விக்கு எக்ஸ்-ஜி அன்றே சரியாகப் பதில் சொல்லிவிட்டது. அன்று யார் நன்றாக ஆடினார்கள் என்ற நடுக்கேள்விக்கு அது சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை. எதிரணியின் மூன்று ஓட்டங்களைச் செல்லாததாக்கிய ஒழுங்கு ஆட்டத் திறன்தான். அந்த எண்ணுக்குள் வராததால் அது அதிர்ஷ்டமாகிவிடாது.

டிஃபென்ஸை மதிப்பிடுவதில் எண்கள் நெடுங்காலமாகவே தடுமாறுகின்றன. 2001இல் மான்செஸ்டர் யுனைடெட் யாப் ஸ்டாமை லாட்சியோவுக்கு விற்றது. அவர் டேக்கிள் செய்வது குறைந்துவிட்டதாக எண்கள் காட்டியதும் ஒரு காரணம் என்று பின்னர் எழுதினார்கள். காயமும் கிடைத்த பெரிய தொகையுமே காரணம் என்பது மறுதரப்பு. எதுவானாலும் அவரை விற்றது தவறு என்று அப்போதைய பயிற்சியாளர் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். டேக்கிள் குறைந்தால் ஆட்டக்காரர் தளர்ந்துவிட்டார் என்று பொருள் கொள்ளலாம், முன்கூட்டியே சரியான இடத்தில் போய் நிற்கிறார் என்றும் கொள்ளலாம். எண் இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கேமராக்கள் வந்தன. பந்தோடு நடப்பதை மட்டும் குறிக்கும் தரவில் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 நிகழ்வுகள் இருக்கும். 22 பேரின் இடத்தையும் நொடிக்கு 25 முறை பதிவுசெய்தால் 90 நிமிடத்தில் முப்பது லட்சத்தை நெருங்கும் புள்ளிகள். ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது மொத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம்தான் என்பதை நினைத்தால், மீதி நேரத்தைப் பார்க்க இந்த வழி எவ்வளவு அவசியம் என்பது புரியும். லூக் போர்னும் பார்சிலோனா கிளப்பின் ஹவியர் ஃபெர்னாண்டஸும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, மெஸ்ஸி களத்தில் நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும் நேரத்திலேயே தமக்கு மதிப்புள்ள வெற்றிடத்தைப் பெற்றுவிடுகிறார் என்று அளந்து காட்டியது. சோம்பல் என்று கண் படித்ததை அறிவு என்று எண் படித்தது. எண்கள் கண்ணைத் திருத்திய நிகழ்வுகளில் இதைப்போல எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறில்லை. வருத்தம் என்னவென்றால் இந்த வகைத் தரவு பெரும்பாலும் கிளப்புகளின் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. ரசிகருக்குக் கிடைப்பது இன்னும் பந்து வசமிருந்த விகிதமும் கார்னர் எண்ணிக்கையும்தான்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைகிறது. அணியையும் வீரரையும் பயிற்சியாளரையும் நீண்ட காலத்தில் எடைபோட எண்கள் கண்ணைவிட மேலானவை. அதில் இனித் தயங்க இடமில்லை. ஒற்றை ஆட்டத்தில் அவை சாட்சிக்கூண்டில் நிற்கலாம், நீதிபதியின் நாற்காலியில் உட்காரக் கூடாது. சாட்சியிடம் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும்: ஸ்கோர் என்னவாக இருந்தபோது இந்த எண் சேர்ந்தது, எத்தனை முயற்சியில், எதை எண்ணாமல் விட்டாய்?

2022 மே 28 அன்று பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி பிரான்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். லிவர்பூல் இருபதுக்கு மேற்பட்ட ஷாட்கள் அடித்தது, ரியல் மாட்ரிட் நான்கைத் தாண்டவில்லை. 59ஆம் நிமிடத்தில் வால்வெர்டே அனுப்பிய பந்தை வினீசியஸ் வலைக்குள் தள்ளினார். 1-0. முதல் குறுக்குக் கேள்வி: கடைசி அரை மணி நேரம் பின்தங்கியிருந்த அணி அடித்த ஷாட்கள் எத்தனை? கணிசமானவை. இரண்டாவது: எண்ணாமல் விட்டது எது? இடைவேளைக்குச் சற்று முன் பென்சிமா அடித்து ஆஃப்சைடாகக் கழிந்த கோல். இவற்றைக் கழித்த பிறகும் லிவர்பூல்தான் அதிகம் உருவாக்கியது, சந்தேகமில்லை. மிச்சமிருப்பது மாட்ரிட்டின் கோல்கீப்பர் கோர்ட்வா. ஒன்பது முறை தடுத்தார். 21ஆம் நிமிடத்தில் மானேயின் ஷாட் அவர் விரல் நுனியில் உரசிக் கம்பத்தில் பட்டது. 82ஆம் நிமிடத்தில் சலா நெருக்கத்திலிருந்து அடித்ததை நீட்டிய கையால் விலக்கினார். எக்ஸ்-ஜி ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே ஒரு சராசரிக் கோல்கீப்பரை நிறுத்திக் கணக்கிடுகிறது. அன்று நின்றவர் சராசரி அல்லர். அந்தத் தொடர் முழுவதிலும் அவரைவிட அதிகம் தடுத்த கோல்கீப்பர் யாருமில்லை, ஆக அது ஓர் இரவின் தற்செயலும் அல்ல. லிவர்பூலின் பத்துப் பேர் மாட்ரிட்டின் பத்துப் பேரைவிட நன்றாக ஆடினார்கள். மாட்ரிட்டின் பதினோராவது ஆள் அந்த வித்தியாசம் முழுவதையும் தனியே ஈடுகட்டினார். அந்த வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத நான் மறுக்கிறேன்.